இளநிலை வகுப்பில் தொழில்முனைவு: அறிக்கை எழுத வைப்பதா, பேட்டி எடுக்க வைப்பதா, விற்க வைப்பதா?

இளநிலைப் படிப்பில் தொழில்முனைவுக்கு ஒரு தாள் சேர்க்கலாம் என்று முடிவெடுக்க அரை மணி நேரக் கூட்டம் போதும். அதை எந்த வடிவத்தில் நடத்துவது என்பதில்தான் இழுபறி. நடைமுறையில் இருக்கும் வழிகள் ஐந்தாறு: தொழில் திட்ட அறிக்கை, கேஸ் ஸ்டடியும் (ஒரு நிறுவனத்தின் கதையை வகுப்பில் அலசுவது) விருந்தினர் உரையும், வாடிக்கையாளர் பேட்டி, சிறு முதலீட்டில் நிஜ வியாபாரம், ஏற்கெனவே ஓடும் தொழிலில் இன்டர்ன்ஷிப், பட்டப்படிப்பு முழுவதையுமே தொழிலாக நடத்துவது. இங்கே மனதில் வைத்து ஒப்பிடுவது ஒரு சாதாரண வகுப்பை: 60 மாணவர், ஒரு ஆசிரியர், 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவுகோலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கம்பெனி ஆரம்பித்தார்கள்" என்று கேட்கும் நிர்வாகத்துக்கு எந்த வழியும் திருப்தி தராது. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்விக் கல்லூரியில், மாணவர்களே சிறு கம்பெனி நடத்தும் ஓராண்டுத் திட்டம் ஒரு வளாகத்தில் கட்டாயமாக இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. திறன்கள் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. துனிசியாவில் 2009 முதல் இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதில் பயிற்சியோடு தொழில் திட்டம் எழுதிப் பட்டம் பெற வழி செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சுயதொழில் செய்வோர் விகிதம் 1 முதல் 4 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. மொத்தத்தில் வேலையில் இருந்தவர்கள் விகிதம் மாறவில்லை.

எண்ணம் குறைந்ததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தனக்கு ஒத்துவராது என்று ஒருவருக்கு 20 வயதில், சேமிப்பைப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் அது லாபக் கணக்கில்தான் சேரும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் உண்மையான தொழிலின் வாசனையாவது படவேண்டும். ஒரு பருவத்தில் நியாயமாக எதிர்பார்க்கக் கூடியவை மூன்று: முன்பின் தெரியாதவரிடம் பேசி அவர் தேவையைக் கண்டறிவது, விற்கும் பொருளுக்குச் சரியாக அடக்கவிலை போடுவது, ஆதாரம் எதிராக வந்தால் யோசனையை மாற்றுவது. ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றை வைத்தே பார்க்கலாம்.

திட்ட அறிக்கை

பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது. காரணமும் எளிது: தேர்வு முறைக்குள் சிக்கலில்லாமல் அடங்குகிறது. 30 பக்க அறிக்கை, யோசனையை எடுத்துச் சொல்லும் 10 நிமிட பிட்ச், வெளித் தேர்வாளர், மதிப்பெண். போட்டியாக நடத்தும் வழக்கத்துக்கும் வயதாகிவிட்டது; ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1984இலேயே தொடங்கிவிட்டது.

இதில் மாணவர் நிஜமாகக் கற்பது ஒன்று உண்டு, அது பணவரத்து அட்டவணை. 12 மாதத்துக்கு, மாதவாரியாக, எப்போது காசு வரும், எப்போது போகும் என்று போட வைத்தால், லாபத்தில் இருக்கும் தொழில் எப்படிக் கையில் காசில்லாமல் முடங்குகிறது என்பது விளங்கும். கடனுக்கு விற்று 60 நாள் கழித்துப் பணம் வருவதாக ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொன்னாலே நான்காம் மாதத்தில் கட்டம் சிவப்பாகிவிடும்.

மற்றப் பக்கங்களில்தான் கோளாறு. சந்தை அளவை இணையத்தில் எடுத்து "இதில் 1 சதவீதம் கிடைத்தாலே போதும்" என்று எழுதுவார்கள். அந்த 1 சதவீதத்தில் முதல் பத்துப் பேர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இராது. போட்டியாளர் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் தங்களுக்கே டிக் இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதே அறிக்கையைச் சில நிமிடங்களில் தருகின்றன என்பதால், அறிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச நியாயமும் போய்விட்டது. எதிர்பார்த்த மூன்றில் அடக்கவிலை பாதி வருகிறது, மற்ற இரண்டும் வருவதில்லை. எழுதி முடித்த யோசனையை 30 பக்கத்துக்கு நியாயப்படுத்திய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

கேஸ் ஸ்டடி, விருந்தினர் உரை

ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1947இல் மைல்ஸ் மேஸ் தொடங்கிய வகுப்புதான் இந்தத் துறையின் முதல் வகுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த முதல் அணியில் 188 பேர் சேர்ந்தார்கள். அது முதுநிலை வகுப்பு, உட்கார்ந்திருந்தவர்களில் பலர் உலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வேலை பார்த்திராத 19 வயதுக்காரருக்குக் கேஸ் என்பது ஒரு கதை. முடிவு தெரிந்த கதை. விருந்தினர் உரையும் அப்படித்தான், வந்தவர் ஜெயித்தவராகவே இருப்பார். வகுப்பில் 200 பேர் இருந்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இதைக் கையில் எடுக்கலாம். அப்போதும் ஒரு நிபந்தனை: விருந்தினர் பேச்சுக்கு 10 நிமிடம், மாணவர் கேள்விக்கு 40 நிமிடம். முதல் வாடிக்கையாளர் யார், முதல் விலையை எப்படி முடிவு செய்தீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்ற மூன்று கேள்வியும் கட்டாயம். மூடிய கடையைப் பற்றிப் பேச ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரையே முதலில் கூப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் பேட்டி

தொழில்முனைவராக இருந்து ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க் 2011இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லீன் லாஞ்ச்பேட் வகுப்பு இந்த வழியைப் பரப்பியது. அதே ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை ஐ-கோர் என்ற பெயரில் இதை ஆராய்ச்சியாளர்களுக்கான பயிற்சியாக எடுத்துக்கொண்டது. அதில் ஏழு வாரத்தில் ஒரு குழு 100 பேரைப் பேட்டி காண வேண்டும். யோசனையை, வாடிக்கையாளர், வருமானம், செலவு போன்ற ஒன்பது கட்டங்கள் உள்ள ஒரு தாளில் ஊகங்களாக எழுதி, ஒவ்வொரு ஊகத்தையும் வெளியே போய்ச் சோதித்து, வாராவாரம் தாளைத் திருத்துவதுதான் முறை.

அந்த 100ஐ அப்படியே இளநிலை வகுப்புக்கு எடுத்து வந்தால் பொய்க் குறிப்புகள்தான் குவியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளைத் தேடி நேரம் வாங்க ஒரு மணி, பேச அரை மணி, எழுத அரை மணி. ஒரு பேட்டிக்கு 2 மணி நேரம். நான்கு பேர் குழு வாரம் 5 பேட்டி எடுத்தால் தலைக்கு இரண்டரை மணி. மற்றப் பாடங்களோடு இதுதான் தாங்கும். ஆறு வாரத்துக்கு 30 பேட்டி. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

இந்த வழி கெட்டுப்போகும் இடங்கள் குறிப்பானவை. முதலாவது, கூகுள் ஃபார்ம். பேட்டி என்று சொன்னதும் படிவம் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு 180 பதில் வாங்கி, அதில் 87 சதவீதம் பேர் "ஆம்" சொன்னதாக வட்ட வரைபடம் போடுவார்கள். முதல் நாளே தடை செய்துவிட வேண்டும். இரண்டாவது, கேட்கும் கேள்வி. "இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்றால் எதிரே இருப்பவர் முகத்துக்காகவாவது ஆம் என்பார். அந்த ஆமுக்கு மதிப்பில்லை. எதிர்காலத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். பழைய பாடப்புத்தகம் கைமாற்றும் சேவை ஒரு குழுவின் யோசனை என்று வைத்துக்கொண்டால், கேள்விகள் இப்படி இருக்கலாம்:

கடைசியாக ஒரு பாடப்புத்தகம் தேவைப்பட்டது எப்போது?
அன்றைக்கு என்ன செய்தீர்கள்? முதலில் யாரைக் கேட்டீர்கள்?
எவ்வளவு செலவாயிற்று? எத்தனை நாள் ஆயிற்று?
போன பருவத்துப் புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

நாலாவது கேள்விக்கு "பரணில் கிடக்கிறது" என்று 30 பேரில் 20 பேர் சொல்லி, இரண்டாவது கேள்விக்கு "பிடிஎஃப் இறக்கிக்கொண்டேன்" என்று 25 பேர் சொன்னால் குழுவுக்கு விஷயம் புரிந்துவிடும்: விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. யோசனையைக் கைவிட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூன்றாவது, யாரைப் பேட்டி எடுத்தார்கள் என்பது. விட்டால் 30 பேரும் அதே விடுதியாக இருப்பார்கள். குடும்பத்தினர், வகுப்புத் தோழர் கணக்கில் வரமாட்டார்கள் என்றும், குறைந்தது 15 பேர் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும் என்றும் விதி வையுங்கள். குறிப்பில் நாள், இடம், பேட்டி கொடுத்தவரின் தொழில், அவர் சொன்ன இரண்டு வாக்கியம் அப்படியே, எந்த ஊகம் மாறியது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் பகிரப்படும் கோப்பில் வேண்டாம். சரிபார்க்க ஆசிரியரிடம் தனியாக இருந்தால் போதும்.

ஆசிரியர் தரப்பில் விலை: 15 குழு, குழுவுக்கு வாரம் 15 நிமிடம் என்றால் 225 நிமிடம், அதாவது 3 மணி 45 நிமிடம். ஒதுக்கிய 3 மணிக்குள் அடங்காது. பாதிக் குழுக்களை ஒரு வாரம், மீதியை மறுவாரம் என்று பிரித்து, மற்றக் குழுக்களின் குறிப்பை மட்டும் ஆசிரியர் படித்துவிட்டால் சமாளிக்கலாம். எதிர்பார்த்த மூன்றில் அந்நியரிடம் பேசுவதும் யோசனையை மாற்றுவதும் இதில் நன்றாக வரும். அடக்கவிலை வராது. இன்னொரு குறையும் உண்டு. காசு கைமாறாததால், பேசியே காலத்தை ஓட்டிவிடக் கெட்டிக்காரக் குழுக்களுக்கு முடியும்.

சிறு முதலில் நிஜ வியாபாரம்

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் 1990களிலிருந்து முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கல்லூரியிடம் சில ஆயிரம் டாலர் கடன் வாங்கி ஒரு தொழிலை நடத்தி, ஆண்டு முடிவில் கடனைத் திருப்பிக் கொடுத்து, லாபத்தை அறப்பணிக்குத் தருகிறார்கள். இன்னொரு கோடியில், பேராசிரியர் டினா சீலிக் ஸ்டான்ஃபோர்டில் கொடுத்த பயிற்சி: உறையில் 5 டாலர், திறந்தபின் இரண்டு மணி நேரம், முடிந்த அளவு சம்பாதிக்க வேண்டும், பிறகு வகுப்பில் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். அதிகம் சம்பாதித்த குழு அந்த 5 டாலரைத் தொடவே இல்லை. அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு, தங்களுக்கான மூன்று நிமிடத்தை 650 டாலருக்கு விற்றுவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பருவத்துக்குப் பொருந்தும் அளவு இருக்கிறது. குழுவுக்கு நான்கு பேர். ஐந்தானால் ஒருவர் சும்மா இருப்பார். முதலீட்டுத் தொகையை, முழுவதும் போனாலும் கல்லூரியோ மாணவரோ கண் கலங்காத அளவில் வைக்க வேண்டும். ஒரு மாணவர் ஒரு வாரச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதை நான்கால் பெருக்கினால் போதுமானது. சொந்தக் காசு போடக் கூடாது என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இருக்கும் குழு தனி ஆட்டம் ஆடும். உணவு, மருந்து, அழகுசாதனம், கடன் வசூல், ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் திட்டம் ஆகியவற்றைப் பட்டியலிட்டே தடை செய்யலாம். உணவுக்கு அனுமதி, சோதனை என்று ஐந்து வாரம் கரையும்; கெட்டுப்போனதைச் சாப்பிட்டு ஒருவர் படுத்துவிட்டால் அடுத்த ஆண்டு பாடமே இருக்காது.

இந்த வழியின் பலம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குழு ஆய்வகக் கோட்டு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 100 வீதம் 40 வாங்கி, 150 வீதம் 28 விற்றார்கள். அறிக்கையில் "லாபம் 1,400" என்று எழுதுவார்கள்: 28 பெருக்கல் 50. கல்லாவை எண்ணினால் வாங்கிய முதலுக்கு மேல் இருப்பது 200தான், ஏனென்றால் 4,000 போய் 4,200 வந்திருக்கிறது. மீதி 1,200 எங்கே? விற்காத 12 கோட்டில். அந்தப் பன்னிரண்டில் ஒன்பது யாருக்கும் பொருந்தாத பெரிய அளவு என்றால், அவற்றை அடக்கவிலைக்கு மதிப்பிடுவது ஏமாற்று. 60 வீதம் தள்ளிவிட முடிந்தால் 12க்கும் 720 வரும், லாபம் 920. நான்கு பேர் ஐந்து வாரம், வாரம் 4 மணி நேரம் உழைத்திருந்தால் 80 மணி நேரம், மணிக்குப் பதினொன்றரை. சரக்கு எடுக்கும் முன் 15 பேரிடம் அளவு கேட்டு முன்பணம் வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்பதை அதன்பின் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திட்ட அறிக்கையில் இருப்புச் சரக்கு என்பது ஒரு வரி. இங்கே அது விடுதி அறையின் மூலையில் கிடக்கிறது.

மதிப்பெண்ணில் லாபத்துக்குப் பங்கு கொடுக்காதீர்கள், ஒரு மதிப்பெண் கூட. கொடுத்தால் கடைசி வாரத்தில் சித்தப்பா வந்து 50 வாங்குவார். 100க்கு இப்படிப் பிரிக்கலாம்: வாராந்திரக் குறிப்பு 30, கணக்குப் புத்தகமும் பில்களும் 25, விலையையோ பொருளையோ மாற்றியதற்கான ஆதாரம் 20, தனித்தனி வாய்மொழித் தேர்வு 25. வாய்மொழித் தேர்வில் கணக்குப் புத்தகத்தின் ஏதாவது ஒரு வரியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் போதும். உழைத்தவர் கதை சொல்வார், உழைக்காதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்.

விலை பெரும்பாலும் நிர்வாகப் பக்கத்தில் விழுகிறது. பணத்தை யார் பெயரில் கொடுப்பது, திரும்பாவிட்டால் எந்தத் தலைப்பில் எழுதித் தள்ளுவது, மிஞ்சும் லாபம் யாருக்கு, வளாகத்தில் விற்க யார் அனுமதி, பருவம் முடிந்தபின் தொழிலைத் தொடர விரும்பும் குழுவுக்கு உரிமை எப்படி என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் தொடங்கினால் நான்காம் வாரத்தில் கணக்குப் பிரிவில் கோப்பு நின்றுவிடும். பருவத்தின் முதல் பாதி போய்விட்டால் மீட்க முடியாது.

இன்டர்ன்ஷிப்பும் முழுப் பட்டமும்

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு தொழிலில் ஒரு மாணவரை ஆறு வாரம் உட்கார வைப்பது நல்ல வழிதான், இடம் கிடைத்தால். 60 பேருக்கு 60 முதலாளிகளைத் தேடுவதும் ஒவ்வொருவரிடமும் பேசுவதும் ஒருவரின் முழுநேர வேலை. மாணவரைச் சமூக ஊடகப் பதிவு போட வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான விபத்து. முதலாளி விலை பேசும் உரையாடல் ஒன்றிலாவது மாணவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கினால் ஓரளவு தப்பலாம்.

ஃபின்லாந்தின் யுவாஸ்கிலாவில் 1993இல் தொடங்கிய டீமியகாடெமியாவில் மாணவர்கள் சேர்ந்ததும் கூட்டுறவு நிறுவனம் அமைத்து, நிஜ வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்துகொண்டே பட்டம் முடிக்கிறார்கள். ஆசிரியருக்குப் பதில் பயிற்றுநர். கேட்க ஆசையாக இருக்கும். ஒரு தாளை மட்டும் கையில் வைத்திருக்கும் துறைக்கு இது தேர்வே அல்ல. புதுத் தொழில்களுக்கு இடமும் ஆலோசனையும் தரும் இன்குபேட்டரும் இந்த ஒப்பீட்டில் சேராது. ஏற்கெனவே வாடிக்கையாளர் உள்ள இரண்டு மூன்று குழுக்களுக்கான இடம் அது. 60 பேருக்கான பாடம் ஆகாது.

எதை எடுப்பது

மேலே சொன்ன சாதாரண வகுப்புக்கு, பேட்டியையும் வியாபாரத்தையும் இந்த வரிசையில் சேர்ப்பதே சரி. முதல் வாரம் சீலிக்கின் உறைப் பயிற்சி, வகுப்பு நேரத்துக்குள்ளேயே. 2 முதல் 5 வரை பேட்டி, குழுவுக்கு 20. ஆறாம் வாரம் சரக்கு எடுக்கும் முன் முன்பணம் கொடுத்த ஐந்து பேரையாவது காட்ட வேண்டும். காட்டாத குழுவுக்கு முதலீடு கிடையாது, அது பேட்டிக்குத் திரும்பும். 7 முதல் 12 வரை வியாபாரம். 13இல் கல்லாவை மூடி இருப்பை எண்ணுவது. 14, 15 வாய்மொழித் தேர்வு. அறிக்கை வேண்டும் என்று பல்கலைக்கழக விதி கட்டாயப்படுத்தினால் கடைசியில் ஆறு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: நடந்த ஆறு வாரத்தின் எண்களை வைத்து அடுத்த 12 மாதத்துப் பணவரத்து. அப்போது எழுதுவதில் கற்பனை குறைவாக இருக்கும்.

கணக்குப் பிரிவு பணம் தர ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வியாபாரத்தைச் சேவையாக மாற்றலாம்: தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கணினி சுத்தம் செய்வது, இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவது. முதலீடு தேவையில்லை, இருப்புச் சரக்குப் பாடம் மட்டும் விடுபடும். ஆசிரியருக்கு வாரம் மூன்று மணிக்கு மேல் ஒரு நிமிடம் கூட இல்லை என்றால் பேட்டியோடு நிறுத்துவது உத்தமம், ஏனென்றால் மேற்பார்வை இல்லாத காசுப் புழக்கம் சண்டையில்தான் முடியும். வகுப்பு 120 பேர் வரை போனால் முந்தைய ஆண்டு இதே பாடம் முடித்தவர்களில் ஆறு பேரை உதவியாளராக எடுத்து, ஆளுக்கு ஐந்து குழுவின் வாராந்திரக் குறிப்பைப் படிக்கவிடலாம். மதிப்பெண் போடும் அதிகாரத்தை மட்டும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

நேரம் தப்பாமல் இருக்க, பருவம் தொடங்கும் முந்தைய மாதமே இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: முதலீட்டுத் தொகையில் எவ்வளவு திரும்பாவிட்டாலும் விசாரணை வராது என்று கணக்குப் பிரிவின் ஒப்புதல், 7 முதல் 12ஆம் வாரம் வரை வளாகத்தில் எங்கே விற்கலாம் என்ற அனுமதி. இரண்டாவது தாளில் இடத்தோடு மணி நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அது விட்டுப்போனால், கூட்டம் வரும் மதிய இடைவேளையில் காவலாளி மேசையைத் தூக்கச் சொல்வார்.